ஏறும் அணி, இறங்கும் அணி: வட்டாரக் கால்பந்து லீக் ஒன்றைக் கட்டி நடத்த முழுமையான வழிகாட்டி

1898 ஏப்ரல். ஸ்டோக், பர்ன்லி என்ற இரண்டு ஆங்கில அணிகள் மோதுகின்றன. முதல் டிவிஷனில் கடைசியாக வந்தவர்களையும் இரண்டாம் டிவிஷனில் முதலாக வந்தவர்களையும் மோதவிட்டு, அடுத்த ஆண்டு யார் மேலே ஆடுவது என்று முடிவு செய்யும் ‘டெஸ்ட் மேட்ச்’ முறை அப்போது நடப்பில் இருந்தது. அந்தத் தொடரின் கடைசி நாள். டிரா ஆனால் இருவருக்கும் மேல் டிவிஷன் உறுதி. ஆட்டம் 0-0. கோல் அடிக்கும் எண்ணமே இரு பக்கமும் இல்லை. அந்தக் கோடையிலேயே டெஸ்ட் மேட்ச் முறையைத் தூக்கி எறிந்தார்கள். முதல் டிவிஷனை 16 அணிகளிலிருந்து 18 ஆக்கினார்கள். அதன்பின் கடைசி இரண்டு இறங்கும், முதல் இரண்டு ஏறும் என்று நேரடி விதி வந்தது.

அந்த இரு அணிகளும் எந்த விதியையும் மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். விதி அப்படி எழுதப்பட்டிருந்தது, அவர்கள் அதைச் சரியாகப் படித்திருந்தார்கள். ஒரு வட்டார லீக்கை அமைக்க உட்காருகிறவர்கள் கோப்பை, சின்னம், தொடக்க விழா என்று ஆரம்பிப்பார்கள். நான் பட்டியலின் அடியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். கடைசி இடத்தில் இருப்பவருக்கு என்ன நடக்கும் என்பது தெளிவாக எழுதப்பட்ட லீக்கில் முதல் இடத்துக்கான சண்டை தானாக நேர்மையாக நடக்கும். லீக் குழுவில் இருப்பவர்களுக்கும் கிளப் செயலாளர்களுக்கும்தான் இந்த வழிகாட்டி. பார்வையாளராக மட்டும் இருப்பவரும் இதைப் படித்தால், தன் அணி ஏன் இறங்கியது என்பதையாவது புரிந்துகொள்ளலாம்.

1. யாருக்கான லீக் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இப்படிப்பட்ட வட்டார லீக்கை அரைத் தொழில்முறை என்று நாம் பேச்சில் சொல்கிறோம். ஃபிஃபாவின் வீரர் பதிவு விதிகளில் அப்படி ஒரு வகையே கிடையாது. அங்கே இரண்டு பேர்தான் உண்டு. எழுத்து ஒப்பந்தம் வைத்து, ஆடுவதற்கு ஆகும் செலவைவிட அதிகமாகப் பணம் பெறுபவர் தொழில்முறை வீரர். மற்ற அனைவரும் அமெச்சூர். ஆகவே உங்கள் லீக்கில் ஒரே அணிக்குள் இரண்டு வகையினரும் இருப்பார்கள். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்ட ஸ்டிரைக்கர் ஒருவர், பயணச் செலவு மட்டும் வாங்கும் கோல்கீப்பர் ஒருவர்.

இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு: பகலில் வேறு வேலை. பெரும்பாலோர் வாரத்தில் இரண்டு மாலை பயிற்சிக்கு வருவார்கள், வார இறுதியில் ஆடுவார்கள். அட்டவணையிலிருந்து அபராதம் வரை நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இந்த உண்மையில் வந்து முட்டும். புதன்கிழமை இரவு நான்கு மணி நேரப் பயணத்தில் ஓர் ஆட்டம் வைத்தால், எட்டு வீரர்களுக்கு விடுப்பு கிடைக்காது. தோற்பது அணியின் திறமைக் குறைவால் அல்ல, உங்கள் அட்டவணையால்.

2. எத்தனை டிவிஷன், எத்தனை அணி

சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணி மைதானத்தில் ஒன்று என்று எல்லோரும் எல்லோருடனும் இருமுறை ஆடினால், அணிகளின் எண்ணிக்கையை அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கினால் மொத்த ஆட்டங்கள் வரும். 16 அணிகளுக்கு 240 ஆட்டம், அணிக்கு 30. 18 என்றால் 306, அணிக்கு 34. 22 என்றால் 462, அணிக்கு 42. 24 என்றால் 552, அணிக்கு 46.

வருடத்தில் 52 வார இறுதிகள்தான். சீசன் இடைவெளி, மழையில் போன நாட்கள், கோப்பைப் போட்டிகள், பண்டிகை விடுமுறை எல்லாம் போக 36 மிஞ்சினால் அதிர்ஷ்டம். அதற்குள் 30 சுற்றுகள் நிம்மதியாக அடங்கும், 34 இறுக்கிப் பிடிக்கும், 42 என்றால் வார நாள் இரவுகளைத் தொட்டே ஆக வேண்டும். வேலைக்குப் போகும் வீரர்களை வைத்து நடத்தும் லீக்குக்கு 16 நல்ல எண் என்பது என் கணிப்பு. அணிகள் குறைவாக இருந்தால் ஸ்காட்லாந்து வழியைப் பார்க்கலாம். அங்கே உச்ச டிவிஷனில் 12 அணிகள் 33 ஆட்டம் ஆடியபின் மேல் ஆறு, கீழ் ஆறு என்று பிரிந்து இன்னும் ஐந்து ஆடுகின்றன. கீழ் ஆறு தமக்குள் மோதும் அந்த ஐந்து வாரங்களில் யாரும் தூங்க முடியாது.

கீழே போகப் போக டிவிஷன்களை நிலப்பரப்பால் பிரியுங்கள். இங்கிலாந்தில் மேல் நான்கு டிவிஷன்களுக்குக் கீழே இருக்கும் நேஷனல் லீக் அமைப்பு இப்படித்தான் விரிகிறது. முதல் படியில் ஒரே டிவிஷன், இரண்டாம் படியில் வடக்கு, தெற்கு என இரண்டு, மூன்றாம் படியில் நான்கு, நான்காம் படியில் எட்டு. இறங்கும் அணிக்கு வருமானம் குறையும், ஆனால் பயணத் தூரமும் குறையும். இறக்கம் ஒரு கிளப்பைக் கொன்றுவிடாமல் காப்பது பெரும்பாலும் இந்த ஒரே ஏற்பாடுதான்.

3. ஏற்ற இறக்க விதி: இங்கே நேரம் செலவிடுங்கள்

‘முதல் இரண்டு ஏறும், கடைசி இரண்டு இறங்கும்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு எழுந்துபோகும் குழுக்கள் உண்டு. மேலே ஒரு தேசிய டிவிஷனும் கீழே இரண்டு இணை டிவிஷன்களும் இருக்கும் லீக்கில் அந்த வரி முதல் ஆண்டே உடைந்துபோகும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் முதல் டிவிஷனில் 16 அணிகள். சாம்பியன் மட்டும் தேசிய டிவிஷனுக்கு ஏறுகிறது. கீழே வடக்கு, தெற்கு என்று இரண்டு டிவிஷன்கள். அவற்றின் சாம்பியன்கள் இருவரும் உங்களிடம் ஏறி வருகிறார்கள். தேசிய டிவிஷனிலிருந்து உங்கள் வட்டாரத்தைச் சேர்ந்த அணி எத்தனை இறங்கும் என்பது உங்கள் கையில் இல்லை. ஓர் ஆண்டு ஒன்றுமில்லை, ஓர் ஆண்டு மூன்று. அணிகளின் எண்ணிக்கை 16-லேயே நிற்க வேண்டும் என்றால் இறங்கவேண்டியவர்களின் எண்ணிக்கை இதுதான்: மேலிருந்து வருபவர்கள், அதோடு கீழிருந்து வரும் இருவர், அதிலிருந்து மேலே போகும் ஒருவரைக் கழிக்க வேண்டும்.

மேலிருந்து யாரும் வராவிட்டால் ஒருவர் இறங்கினால் போதும். ஒருவர் வந்தால் இருவர். மூவர் வந்தால் நால்வர். 16-ஆம் இடத்துக்காரர் எப்படியும் போவார். 13, 14, 15-ஆம் இடத்துக்காரர்களின் தலைவிதி தங்கள் ஆட்டத்தைப் பார்த்து எழுதப்படுவதில்லை, வேறொரு டிவிஷனில், வேறு யாரோ ஆடும் ஆட்டத்தில் எழுதப்படுகிறது. இந்த இடங்களை நான் மிதக்கும் இடங்கள் என்பேன். பட்டியல் வெளியிடும்போது கடைசி இடத்தின் மேல் ஒரு தடித்த கோடும், மிதக்கும் இடங்களின் மேல் ஒரு புள்ளிக்கோடும் போடுங்கள். மார்ச்சில் 13-ஆம் இடத்தில் இருக்கும் பயிற்சியாளர் தான் பத்திரமாக இருப்பதாக நினைத்து இளைஞர்களை இறக்கிப் பார்த்துவிட்டு, மே மாதம் உங்கள் வாசலில் வந்து நிற்காமல் இருக்க அது உதவும்.

இன்னும் ஒரு முடிச்சு உண்டு. சாம்பியனின் மைதானம் தேசிய டிவிஷனின் தகுதியை எட்டவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் ஏறவில்லை. இப்போது கழிக்க ஒன்றும் இல்லை. மேலிருந்து மூவர் வந்த ஆண்டாக இருந்தால் ஐவர் இறங்க வேண்டும், அதாவது 12-ஆம் இடத்துக்காரரும். முதலிடத்து கிளப்பின் மைதானத்தில் வருகை அணிக்கு உடை மாற்றும் அறை போதாததால் பன்னிரண்டாம் இடத்து கிளப் கீழே போகிறது. இதை ஒருவரிடம் விளக்கிச் சொல்லிப் பாருங்கள், அவர் முகம் போகும் போக்கு தெரியும். அதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. சாம்பியன் தகுதி பெறாவிட்டால் இரண்டாம் இடத்துக்காரருக்கு வாய்ப்பு என்று எழுதலாம். அல்லது ஒரு சீசனுக்கு மட்டும் 17 அணிகளோடு நடத்தி, அடுத்த ஆண்டு ஒருவரைக் கூடுதலாக இறக்கலாம். எதுவானாலும் பந்து உருள்வதற்கு முன் எழுதியிருக்க வேண்டும்.

இது கற்பனைச் சிக்கல் இல்லை. இங்கிலாந்தில் 1994-இல் கிடர்மின்ஸ்டர் ஹாரியர்ஸ், 1995-இல் மேக்கிள்ஸ்ஃபீல்ட் டவுன், 1996-இல் ஸ்டீவனேஜ் பரோ என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐந்தாம் நிலைச் சாம்பியன்கள் மைதானம் தகுதியை எட்டவில்லை என்று காட்டி மேலே அனுமதிக்கப்படவில்லை. ஸ்டீவனேஜ் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அந்த மூன்று ஆண்டுகளிலும் மேல் டிவிஷனில் கடைசி இடத்தில் வந்த நார்த்தாம்ப்டன், எக்ஸிட்டர், டார்கி ஆகியவை தப்பித்தன. கடைசியாக வந்தும் இறங்காமல் நின்றவர்களுக்கு அது வரம், முதலாக வந்தும் ஏறாமல் நின்றவர்களுக்கு ஆறாத ரணம்.

இணை டிவிஷன்கள் இருந்தால் இடமாற்றம் என்ற வேலையும் சேர்ந்து வரும். இறங்கிய நால்வருமே வடக்கைச் சேர்ந்தவர்கள் என்றால் வடக்கு டிவிஷன் வீங்கும், தெற்கு மெலியும். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளப் ஒன்றைத் தெற்குக்கு நகர்த்தியாக வேண்டும். இங்கிலாந்தில் சீசன் முடிந்ததும் கால்பந்து சங்கம் ஒவ்வோர் ஆண்டும் இதைச் செய்கிறது, ஒவ்வோர் ஆண்டும் யாராவது மேல்முறையீடு செய்கிறார்கள். நகர்த்த எதை அளவுகோலாக வைப்பீர்கள் என்பதை எழுதிவைத்தால் சண்டை பாதியாகும். மொத்தப் பயண தூரம் நல்ல அளவுகோல். ‘குழுவின் முடிவே இறுதி’ என்பது அளவுகோலே இல்லை.

பிளே ஆஃப், அதாவது சீசன் முடிந்தபின் ஏறும் இடத்துக்காக மோதும் கூடுதல் ஆட்டங்கள், வேண்டுமா? வேண்டும் என்பேன், தயக்கத்தோடு. ஐந்தாம் இடம் வரை ஏறும் வாய்ப்பு இருந்தால் ஏப்ரலிலும் ஆட்டங்களுக்கு உயிர் இருக்கும். ஆனால் 20 புள்ளி பின்னால் இருந்தவர் ஒரே மாலையில் இரண்டாம் இடத்துக்காரரைத் தூக்கிச் சாப்பிடுவதும் நடக்கும். உழைத்து மேலே வந்தவருக்குச் சலுகை கொடுங்கள். ஒற்றை ஆட்டம், மேலிடத்தில் முடித்தவரின் மைதானத்தில். இங்கிலாந்தின் நேஷனல் லீக் 2017-18 முதல் ஏழாம் இடம் வரை வாய்ப்புக் கொடுத்தது, ஆனால் இரண்டாம், மூன்றாம் இடத்துக்காரர்களை நேராக அரையிறுதியில் நிறுத்தியது. அது நியாயமான ஏற்பாடு. ஜெர்மனியின் சிக்கலையும் பாருங்கள். அங்கே நான்காம் நிலையில் ஐந்து வட்டார டிவிஷன்கள், மேலே போக நான்கு இடங்கள்தான். சாம்பியன்களிலேயே இருவர் மோதி ஒருவர் நிற்க வேண்டும். 30 வாரம் ஆடி முதலிடம் பிடித்தவர் இரண்டு ஆட்டத்தில் எல்லாவற்றையும் இழக்கிறார். உங்கள் அமைப்பில் இணை டிவிஷன்களின் எண்ணிக்கையும் ஏறும் இடங்களின் எண்ணிக்கையும் பொருந்துகிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

மூன்று ஆண்டுச் சராசரியை வைத்து இறக்கும் முறை அர்ஜென்டினாவில் 1983-இல் வந்தது. பெரிய கிளப்களுக்கு ஒரு மோசமான ஆண்டை மன்னிக்கும் மெத்தை அது. மெத்தையும் ஒருநாள் கிழியும். 2011-இல் ரிவர் பிளேட்டே சராசரியில் சரிந்து, பெல்கிரானோவிடம் பிளே ஆஃபில் தோற்று இறங்கியது. வட்டார லீக்குக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கடைசி வரிசையில் நிற்கும் பார்வையாளர் விரல் விட்டு எண்ணிச் சொல்ல முடியாத விதி நல்ல விதி ஆகாது.

ஒரு கிளப்பின் இரண்டாம் அணியும் உங்கள் லீக்கில் ஆடினால் ஸ்பெயினின் விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். முதன்மை அணியும் இரண்டாம் அணியும் ஒரே டிவிஷனில் இருக்கக் கூடாது. முதன்மை அணி இறங்கினால், நடுவில் பாதுகாப்பாக இருந்த இரண்டாம் அணியும் தள்ளப்பட்டு இறங்கும். அந்த ஆண்டின் இறக்கக் கணக்கு மீண்டும் மாறும் என்பதை மறக்காதீர்கள்.

4. மைதானமும் உரிமமும்

ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு தகுதிப் பட்டியல் தேவை. ஆட்டவிதிப்படி ஆடுகளத்தின் நீளம் 90 முதல் 120 மீட்டர் வரை, அகலம் 45 முதல் 90 வரை இருக்கலாம். இந்த வரம்பு மிகவும் தாராளமானது, உங்கள் லீக்குக்குச் சற்று நெருக்கமான வரம்பு வைப்பது நல்லது. மற்றபடி ஆடுகளத்தைச் சுற்றித் தடுப்பு, இரு அணிகளுக்கும் நடுவருக்கும் தனி அறைகள், ஆம்புலன்ஸ் வந்து திரும்ப வழி, மேல் டிவிஷனுக்கு மின்விளக்கு.

இதில் எழுதத் தவறுவது தேதிதான். தகுதியை எந்த நாளுக்குள் எட்ட வேண்டும்? சீசன் முடிந்தபின் என்றால் கட்ட நேரம் இல்லை. வெகு முன்னால் என்றால், ஏறுவோமா என்று தெரியாமலே கடன் வாங்கிக் கட்டச் சொல்கிறீர்கள். இரண்டு கட்டமாக வையுங்கள். வீரர்களின் பாதுகாப்பைத் தொடும் விஷயங்கள் சீசன் முடிவதற்குள், இருக்கைகளும் கூரையும் ஏறிய பிறகு ஒரு வருட அவகாசத்தில்.

5. பதிவும் பணமும்

ஃபிஃபா விதிப்படி ஒரு வீரர் ஒரு சீசனில் மூன்று கிளப்களுக்கு மேல் பதிவு செய்ய முடியாது. அதிகாரபூர்வ ஆட்டங்களில் இரண்டு கிளப்களுக்குத்தான் ஆடலாம். இதைப் பதிவாளரின் மேசையில் ஒட்டிவையுங்கள்.

ஏஎஃப்சி விம்பிள்டனின் கதையை எந்தக் கிளப் செயலாளரும் தெரிந்திருக்க வேண்டும். தங்கள் பழைய கிளப் வேறு ஊருக்கு மாற்றப்படுவதை ஏற்காத ரசிகர்கள் 2002-இல் தொடங்கிய கிளப் அது. 2006-07 சீசனில் வேறொரு சங்கத்தின் கீழிருந்து வந்த ஒரு வீரருக்குச் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வாங்காமல் ஆடவிட்டார்கள். அவர் கடைசியாக ஆடிய கிளப் இங்கிலாந்து லீக்கில்தான் ஆடியது, ஆனால் அது வேல்ஸ் சங்கத்தைச் சேர்ந்த கார்டிஃப். அந்த ஒரு காகிதத்துக்காக 18 புள்ளிகள் பறிபோயின. மேல்முறையீட்டில் அது மூன்றானது. கிளப் பிழைத்தது, 2011-இல் நேஷனல் லீக் அமைப்பைத் தாண்டி, அதற்கு மேலுள்ள ஃபுட்பால் லீக்குக்கே ஏறியது. 18-க்கும் 3-க்கும் இடையே இவ்வளவு தூரம் எப்படி வந்தது? தண்டனை அளவு கவனக்குறைவையும் ஏமாற்றையும் ஒரே தராசில் நிறுத்தியதால்தான். தகுதியற்ற வீரர் ஆடிய ஆட்டத்தில் கிடைத்த புள்ளி போகட்டும், அதற்கு மேல் தண்டிப்பது வேண்டுமென்றே செய்தால் மட்டும் என்று எழுதுங்கள்.

கிளப்கள் வீரரோடு போடும் ஒப்பந்தத்தில் இறக்கத்துக்கு ஒரு பத்தி இருக்க வேண்டும். டிவிஷன் இறங்கினால் ஆட்டத் தொகை எவ்வளவு குறையும், அதை ஏற்காத வீரர் எந்தத் தேதிக்குள் விலகலாம். ஏற்றத்துக்கும் அதேபோல ஒன்று. அத்துடன் வீரரை விற்றால், அவர் மறுபடி விற்கப்படும்போது ஒரு பங்கு வரும்படி எழுதிவையுங்கள். ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற சிறிய ஆங்கில கிளப்பில் வாரம் 30 பவுண்டுக்கு ஆடிய ஸ்டிரைக்கர் ஜேமி வார்டி 2012-இல் ஃப்ளீட்வுட் கிளப்பிலிருந்து லெஸ்டர் கிளப்புக்கு 10 லட்சம் பவுண்டுக்குப் போனார். அப்படி ஒருவர் உங்களிடமும் இப்போது பயிற்சிக்கு வந்துகொண்டிருக்கலாம்.

6. அட்டவணை போடுவது

இது கணினி செய்யும் வேலை என்று விட்டுவிடாதீர்கள். ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள், எங்கே வலிக்கும் என்று தெரியும். ஆறு அணிகளை எடுத்துக்கொள்வோம். மேல் வரிசையில் 1, 2, 3. அதற்குக் கீழே 6, 5, 4. மேலும் கீழும் இருப்பவர்கள் மோதுகிறார்கள்: 1-6, 2-5, 3-4. முதல் சுற்று முடிந்தது. இப்போது 6-ஐ நகர்த்தாமல் மற்ற ஐவரையும் ஓர் இருக்கை சுற்றுங்கள். 2 வந்து 1-இன் இடத்தில், 3 வந்து 2-இன் இடத்தில், 4 மேலே ஏறி 3-இன் இடத்தில், 5 வலப்புறம் 4-இன் இடத்தில், 1 கீழே இறங்கி 5-இன் இடத்தில். மேல் வரிசை 2, 3, 4. கீழ் வரிசை 6, 1, 5. ஆட்டங்கள் 2-6, 3-1, 4-5. இப்படி ஐந்து சுற்று சுற்றினால் எல்லோரும் எல்லோரையும் ஒருமுறை சந்தித்துவிடுவார்கள். அணிகள் ஒற்றைப்படை என்றால் வெறும் நாற்காலி ஒன்றை அணியாகச் சேருங்கள். அதன் எதிரே உட்காருபவருக்கு அந்த வாரம் ஓய்வு.

யார் சொந்த மைதானத்தில் ஆடுவது என்பதில்தான் தொல்லை. எல்லோருக்கும் சொந்தம், வெளி, சொந்தம், வெளி என்று மாறி மாறி வர வேண்டும் என்றுதான் ஒவ்வொரு கிளப்பும் கேட்கும். அது நடக்காது. முழுக்க மாறி மாறி வரும் வரிசை இரண்டே இரண்டுதான்: சொந்தத்தில் தொடங்குவது, வெளியில் தொடங்குவது. ஒரே வரிசையில் இருக்கும் இரு அணிகள் எந்த வாரமும் ஒன்றாகச் சொந்த மைதானத்தில் அல்லது ஒன்றாக வெளியில் இருக்கும், ஆகவே அவை ஒருபோதும் சந்திக்கவே முடியாது. எனவே இரண்டு அணிகளுக்கு மட்டுமே பிசகில்லாத வரிசை கிடைக்கும். 16 அணி லீக்கில் மற்ற 14 பேருக்கும் பாதி சீசனுக்குள் ஒருமுறையாவது தொடர்ந்து இரண்டு வாரம் ஒரே மாதிரி வரும். புகார் சொல்லும் செயலாளருக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

ஒரே மைதானத்தைப் பகிரும் இரண்டு கிளப்கள் இருந்தால் அவர்களுக்கு நேரெதிர் வரிசைகளைக் கொடுங்கள். வார நாள் ஆட்டங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து அணிகளை மட்டும் போடுங்கள். கடைசி நான்கு வாரங்களைத் தள்ளிப்போன ஆட்டங்கள் விழுங்காதபடி, நடுவில் மூன்று வார இறுதிகளைக் காலியாக விடுங்கள். நான் முதன்முறை அட்டவணை போட்டபோது ஒரு வார இறுதியைக்கூடக் காலியாக விடவில்லை. மழை இரண்டு வாரம் நின்று பெய்தது. ஓர் அணி கடைசி 15 நாளில் ஆறு ஆட்டம் ஆடி இறங்கியது. அந்த கிளப்பின் செயலாளர் என்னை எதிரில் பார்த்தால் இன்றும் சாலையைக் கடந்துவிடுகிறார்.

7. புள்ளியும் சமனும்

வெற்றிக்கு மூன்று புள்ளி, இதில் விவாதம் இல்லை. இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக் 1981-இல் மாறியது, உலகக் கோப்பை 1994-இல். புள்ளி சமமானால் என்ன செய்வது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. இங்கிலாந்து கோல் வித்தியாசத்தைப் பார்க்கிறது, ஸ்பெயினும் இத்தாலியும் அந்த இரு அணிகள் தமக்குள் ஆடிய ஆட்டங்களை முதலில் பார்க்கின்றன. அரைத் தொழில்முறை லீக்கில் நான் இரண்டாவது வழிக்குத்தான் கை தூக்குவேன். காரணம், இப்படிப்பட்ட லீக்குகளில் நடுவழியில் பணம் தீர்ந்து, வீரர்கள் போய், பள்ளிப் பையன்களோடு களமிறங்கும் கிளப் ஒன்று அவ்வப்போது இருக்கும். அதை அக்டோபரில் சந்தித்தவர் 2-0 என்று வென்றிருப்பார். மார்ச்சில் சந்தித்தவர் 12-0. அந்த பத்து கோலை வைத்து ஒருவரை ஏற்றி ஒருவரை இறக்குவது அட்டவணையை வைத்துச் சீட்டுக் குலுக்குவதற்குச் சமம்.

அதுவும் சமமானால்? அதற்கடுத்ததும்? படிக்கட்டின் கடைசிப் படி வரை எழுதுங்கள். ஏற்றம் அல்லது இறக்கத்தைத் தீர்மானிக்கும் இடமானால் கடைசிப் படி பொது மைதானத்தில் ஒரு கூடுதல் ஆட்டமாக இருக்கட்டும். வெவ்வேறு அளவுள்ள டிவிஷன்களின் இரண்டாம் இடத்துக்காரர்களை ஒப்பிடுவதென்றால் மொத்தப் புள்ளி வேண்டாம், ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று வகுத்துப் பாருங்கள்.

8. நடுவழியில் நடக்கக்கூடியவை

ஒரு கிளப் விலகிவிட்டால் அதன் ஆட்டங்களை எல்லாம் அழிப்பதா, வைத்துக்கொள்வதா? அழித்தால், அதனிடம் இரண்டு முறை வென்றவர் ஆறு புள்ளி இழப்பார், தோற்றும் டிரா செய்தும் ஒரே புள்ளி பெற்றவர் ஒன்றுதான் இழப்பார். ஒரே இரவில் ஐந்து புள்ளி வித்தியாசம் இடம் மாறும். எல்லோரும் அதனுடன் ஒருமுறை ஆடி முடித்திருந்தால் அந்த முதல் பாதியை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் அழிப்பது என் விருப்பம். அதற்கு முன்பே விலகினால் முழுவதையும் அழியுங்கள். விலகிய கிளப் இறங்கவேண்டியவர்களில் ஒருவராக எண்ணப்படும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அணி வராவிட்டால் 3-0. ஒரு பக்கம் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டவிதிப்படி தொடங்கவும் முடியாது, தொடரவும் முடியாது. பாதியில் நின்ற ஆட்டம் யாருடைய தவறும் இல்லை என்றால் நின்ற நிமிடத்திலிருந்து தொடரட்டும், முதலிலிருந்து வேண்டாம்.

நடுவர்களைக் காப்பாற்றுங்கள். கீழ் டிவிஷன்களில் நடுவரைத் திட்டினால் பத்து நிமிடம் வெளியே உட்கார வைக்கும் முறையை இங்கிலாந்து 2019-20-இல் பரவலாகக் கொண்டுவந்தது. மஞ்சள் அட்டைக்கு அபராதம் கட்டுவது கிளப், பத்து நிமிடம் உட்கார வேண்டியது திட்டியவர். எது வேலை செய்யும் என்று யோசிக்கத் தேவையில்லை.

சீசனே நின்றுபோனால் என்ன என்பதையும் எழுதுங்கள். 2019-20-இல் ஜெர்சி புல்ஸ் என்ற தீவுக் கிளப் தன் டிவிஷனில் 27 ஆட்டம் ஆடி 27-இலும் வென்றிருந்தது. பெருந்தொற்று வந்தது, கீழ் நிலை லீக்குகளின் அந்த ஆண்டு முடிவுகள் எல்லாம் அழிக்கப்பட்டன. இருபத்தேழு வெற்றியும் காற்றோடு போனது. முக்கால்வாசி ஆட்டங்கள் முடிந்திருந்தால் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கில் பட்டியலை மூடலாம் என்று ஒரு வரி போதும்.

9. கடைசி நாள்

எல்லா ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். 1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா தன் ஆட்டத்தை முதல் நாளே முடித்துவிட்டுக் காத்திருந்தது. மறுநாள் கிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனி பத்தாவது நிமிடத்தில் ஒரு கோல் அடித்தது. 1-0 என்றால் ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டுமே அடுத்த சுற்றுக்குப் போகும். மிச்ச 80 நிமிடமும் பந்து நடுக்களத்தில் உலாவியது. 1898-இல் ஸ்டோக்கும் பர்ன்லியும் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். 1986 முதல் கடைசிச் சுற்றுக் குழு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. உங்கள் லீக்கில் மின்விளக்கு இல்லாத ஒரு மைதானம் இருந்தால், எல்லோரும் அந்த மைதானத்தின் நேரத்துக்கு வர வேண்டும். தாமதமாகத் தொடங்கும் அணிக்குக் கடுமையான அபராதம் வையுங்கள், ஏனென்றால் பத்து நிமிடத் தாமதம்கூட மற்ற மைதானங்களின் ஸ்கோரைத் தெரிந்துகொண்டு ஆட உதவும்.

கோப்பையை எங்கே எடுத்துப்போவது என்று கேட்பார்கள். இருவர் போட்டியில் இருந்தால் இரண்டு மைதானத்துக்கும் நடுவில் ஒரு காரில் வைத்திருங்கள். இறங்கும் மைதானத்துக்கும் குழுவிலிருந்து ஒருவரை அனுப்புங்கள். அங்கே கொடுக்க ஒன்றும் இல்லை, ஆனால் யாராவது போக வேண்டும்.

10. மூடும் வேலை

கடைசி ஆட்டம் முடிந்த வாரத்துக்குள், நிலுவையில் உள்ள ஒழுங்கு வழக்குகளை எல்லாம் முடித்துவிட்டு இறுதிப் பட்டியலில் கையெழுத்திடுங்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வெளியிட்ட பட்டியல் தற்காலிகமானது என்று அதன் தலைப்பிலேயே போடுங்கள். அடுத்து மேலிருந்து எத்தனை பேர் இறங்கினார்கள் என்பதை எழுத்தில் பெற்று, மூன்றாம் பகுதியில் பார்த்த இறக்கக் கணக்கைப் போடுங்கள். இறங்கும் கிளப்களுக்குக் கடிதம், ஏறும் கிளப்களுக்குக் கடிதம், இடமாற்றப்படும் கிளப்களுக்கு மேல்முறையீட்டுத் தேதியோடு கடிதம்.

அதன்பின் பொதுக்குழு. அங்கே யாருக்கு வாக்கு என்ற கேள்வி கட்டாயம் எழும். இறங்கிய கிளப் சென்ற சீசனின் உறுப்பினர், ஏறி வந்த கிளப் அடுத்த சீசனின் உறுப்பினர். சென்ற ஆண்டுக் கணக்குகளை நிறைவேற்ற முன்னவர்களும், வரும் ஆண்டு விதிகளை மாற்றப் பின்னவர்களும் வாக்களிக்கட்டும். கூட்டத்தை அதற்கேற்ப இரண்டாகப் பிரித்து, நடுவில் ஒரு தேநீர் இடைவேளை விடுங்கள். ஏற்ற இறக்க விதியில் என்ன மாற்றம் நிறைவேறினாலும் அது வரும் சீசனைத் தொடாமல் அதற்கடுத்த சீசனிலிருந்து நடப்புக்கு வரட்டும். யார் எந்த இடத்தில் முடிப்பார்கள் என்று அன்றைக்கு அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது.